நாராவில் காகிகோரி சாப்பிடப் போகிறவர்களுக்கு: ஒரு கிண்ணம் ஐஸுக்காக ஒரு சனிக்கிழமை போன கதை

ஆகஸ்ட் மாதத்தில், அதுவும் விடுமுறை நாளில், ஜப்பானில் பேர்பெற்ற காகிகோரிக் கடை எதற்காவது போக நினைத்திருந்தால் கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் போனபோது இதையெல்லாம் சொல்ல எனக்கு ஆள் இல்லை. ஒசாகாவில் வேலைக்கு வந்து தனியாக இருக்கிறேன். காகிகோரி என்றால் துருவிய ஐஸின் மேல் பாகு ஊற்றித் தருவது. போனில் சொன்னதும் அம்மா, "நம்ம ஸ்கூல் வாசல்ல மரச் சீவுளியில தேய்ச்சுக் கலர் ஊத்திக் குடுப்பானே, அதுதானே? அதுக்கா ரயிலேறிப் போற?" என்று கேட்டார். பார்வைக்கு அதே குடும்பம்தான். ஆனால் இங்கே அதற்கென்றே வாழ்கிற கடைகள் இருக்கின்றன. ஒரு கிண்ணம் 1,200 யென்னிலிருந்து 2,000 யென்னுக்கு மேலேயும் போகும். கோடை முழுக்க ஊர் ஊராகப் போய்ச் சாப்பிடுகிற ரசிகர்களைக் 'கோரா' என்றே அழைக்கிறார்கள்.

நாராவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஐஸுக்கென்று கோயில் உள்ள ஊர் அது. ஹிமுரோ என்றால் பனிக்கட்டியைச் சேமித்து வைக்கும் குளிர்க்கிடங்கு. ஹிமுரோ ஜிஞ்ஜா அந்தக் கிடங்கின் தெய்வத்துக்கான கோயில். ஒவ்வோர் ஆண்டும் மே 1ஆம் தேதி அங்கே ஐஸ் காணிக்கைத் திருவிழா நடக்கிறது. பெரிய ஐஸ் தூண்களுக்குள் மீனை வைத்து உறைய வைத்துப் படைப்பார்கள், ஐஸ் வியாபாரிகள் எல்லாம் வந்து கும்பிடுவார்கள். இந்தப் பெருமையால் நாராவில் காகிகோரிக் கடைகள் பெருகி, அவற்றுக்கென்று தனி வழிகாட்டிப் புத்தகமே வருகிறது. ஒசாகா நம்பாவிலிருந்து கிந்தெத்சு ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், கட்டணம் 680 யென். காலையில் போய் ஐஸ் சாப்பிட்டு, மான்களைப் பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம் என்பதுதான் என் திட்டம்.

கடை திறப்பது பத்து மணி. ஒன்பதரைக்கு வாசலில் இருந்தேன். பழைய மரவீடுகள் நிறைந்த நாராமாச்சிப் பக்கத்துத் தெரு. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே நடைமுறை இங்கே பல கடைகளில் உண்டு. வாசலில் வரிசையே இல்லை. அப்பாடா என்று இருந்தது. கதவருகே ஒரு சின்ன மேசையில் அட்டை வைத்த தாளும் கயிற்றில் கட்டிய பென்சிலும் இருந்தன. தாளில் ஏற்கெனவே இரண்டு பக்கம் பெயர்கள். வரிசையில் நிற்க வேண்டியவர்கள் எல்லாரும் விடியற்காலையிலேயே வந்து பெயர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். தெருவில் ஆள் இல்லாததைப் பார்த்துக் கூட்டம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். காலியான வாசலும் வெளியே கிடக்கும் தாளும் சேர்ந்திருந்தால், கூட்டம் வந்து பதிந்துவிட்டு எங்கோ ஏ.சி.யில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

நானும் எழுதினேன், ஆங்கிலத்தில். உள்ளேயிருந்து வந்த பெண் அதைப் படித்துப் பார்த்து, என்னிடம் கேட்டு, மேலே கதகானாவில், அதாவது வெளிநாட்டுப் பெயர்களுக்கு ஜப்பானியர் பயன்படுத்தும் எழுத்தில், எழுதிக்கொண்டார். என் பெயரில் ஒரு 'ழ' இருக்கிறது. ஒரு மணி சுமாருக்கு வரச் சொன்னார். மேசையில் செங்குத்தாகக் கையால் எழுதிய அறிவிப்பு ஒன்றும் ஒட்டியிருந்தது. போனிலுள்ள மொழிபெயர்ப்புச் செயலியைக் காட்டினேன். அச்செழுத்தை நன்றாகப் படிக்கிற அது, தூரிகையால் எழுதிய எழுத்தைப் பார்த்து ஏதேதோ உளறியது. அந்த அறிவிப்பில்தான் எல்லாம் இருந்தது என்று பிறகு தெரிந்தது. இந்த மாதிரிக் கையெழுத்து அறிவிப்பு கண்ணில் பட்டால், செயலி கைவிட்டாலும் நீங்கள் விடாதீர்கள். கடை ஆளிடமே காட்டி, எத்தனை மணிக்குத் திரும்ப வரவேண்டும், கூப்பிடும்போது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற இரண்டு கேள்வியை மட்டும் கேளுங்கள். மீதி எது புரியாமல் போனாலும் சமாளிக்கலாம்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஹிமுரோ ஜிஞ்ஜாவுக்கு நடந்தேன். அங்கே ஐஸ் மிகுஜி என்ற குறிச்சீட்டு உண்டு. வெறும் வெள்ளைத் தாள். வெளியே வைத்திருக்கும் ஐஸ் கட்டியின் மேல் அதை வைத்து விரலால் மெல்ல அழுத்தினால் தாள் ஈரம் பிடித்து, நடுவிலிருந்து ஒவ்வோர் எழுத்தாகக் கறுத்து மேலே வருகிறது. அந்த நாளில் நான் தொட்ட ஐஸ் அது ஒன்றுதான். நாரா நாலா பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு, காற்று அசையாது. பதினோரு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கோயிலுக்கு எதிரே தேசிய அருங்காட்சியகம். 700 யென் கொடுத்து உள்ளே போய் புத்தர் சிலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். சிலைகள் அற்புதமானவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் நான் அன்று போனது குளிர்ச்சிக்காக.

அங்கே உட்கார்ந்திருக்கையில் போனில் ஐஸின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். ஹெயான் காலத்திலேயே, அதாவது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, அரண்மனைக்காரர்கள் ஐஸைச் சீவி, அமத்சுரா என்ற கொடியின் சாற்றைக் காய்ச்சிய பாகு ஊற்றி, புது உலோகக் கிண்ணத்தில் சாப்பிட்டிருக்கிறார்கள். சாதாரண மக்களுக்குக் கோடையில் ஐஸ் கிடைத்தது 19ஆம் நூற்றாண்டில்தான். முதலில் யோகொஹாமாவுக்கு அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் ஐஸ் வந்திருக்கிறது. அதை வாசித்ததும் எனக்குச் சென்னைக் கடற்கரை நினைவுக்கு வந்தது. திருவல்லிக்கேணியில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், அதே பாஸ்டன் ஐஸைச் சேமிக்க டியூடர் கம்பெனி 1842இல் கட்டியது. நாம் அத்தோடு விட்டோம். ஜப்பானியர் அந்த விலை கட்டாமல் வடக்கே ஹகோதாதே கோட்டை அகழியில் உறைந்ததை வெட்டித் தெற்கே அனுப்பி பாஸ்டன் ஐஸை விரட்டினார்கள். 1887இல் முராகாமி ஹன்ஸாபுரோ என்பவர் ஐஸ் துருவும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். இப்படி வளர்ந்த ஒன்று என்று தெரிந்ததும் அதைச் சாப்பிட்டே தீர வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் கூடிவிட்டது.

ஒரு மணிக்கு இருபது நிமிடம் முன்னதாகவே கடை வாசலுக்கு வந்துவிட்டேன். நிழல் கிடையாது. வழியில் கடையொன்றில் 2,200 யென் கொடுத்து வாங்கிய வெயில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலையில் பார்த்த பெண்ணைக் காணோம். ஓர் இளைஞர் வெளியே வந்து பெயர் வாசிப்பார், ஆட்கள் உள்ளே போவார்கள். ஒன்றரை ஆயிற்று, இரண்டு ஆயிற்று. எனக்குப் பிறகு வந்ததாக நான் நினைத்த ஒரு குடும்பம் உள்ளே போனதும் வயிற்றில் ஏதோ செய்தது. தாளைப் போய்ப் பார்த்தேன். என் பெயரின் மேல் பென்சிலால் ஒரு கோடு. அளவுகோல் வைத்துப் போட்டது போல நேராக, அவசரமே இல்லாமல் போட்டிருந்தார்கள்.

அந்த இளைஞர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் நாலடி தூரத்தில் நின்றிருக்கிறேன். அவர் வாயில் என் பெயர் வேறு யாருடைய பெயராகவோ மாறியிருந்ததால் எனக்குக் கேட்டும் கேட்கவில்லை. மூன்று முறை கூப்பிட்டு ஆள் வராவிட்டால் கோடு போட்டு அடுத்தவரை அழைப்பது விதி. மறுபடியும் வேண்டுமானால் தாளின் கடைசியில் எழுத வேண்டும். தாளின் கடைசியிலோ அன்றைய பதிவு முடிந்தது என்று எழுதிவிட்டார்கள். நிலைமையைச் சொன்னேன், கையைக் காட்டினேன், காலையிலிருந்து இங்கேயேதான் இருக்கிறேன் என்று தட்டுத்தடுமாறி ஜப்பானிய மொழியில் விளக்கினேன். அவர் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார், ஆனால் உள்ளே விடவில்லை. எனக்குப் பின்னால் இருப்பவர்களின் முறையை எனக்குக் கொடுக்க முடியாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நியாயம்தான். அந்த நேரத்தில் எனக்கு அழுகை வந்தது, அதுவும் உண்மை.

இதற்கு ஒரே மருந்து: காத்திருப்போர் பட்டியலில் உங்கள் உண்மைப் பெயரை எழுதாதீர்கள். ரவி, மணி, ஹரி, மீனா என்று இரண்டு எழுத்தில், ஜப்பானியர் வாயில் மாறிப்போகாத பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு, அதைக் கதகானாவில் எழுதப் பழகிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடப் பயிற்சி போதும். எழுதும்போதே கடை ஆளைப் படித்துக் காட்டச் சொல்லி, அது காதில் எப்படி விழுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி, உணவகம் என்று பெயர் கூப்பிடும் எல்லா இடத்திலும் இந்தச் சத்தம்தான் உங்களைக் காப்பாற்றும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் பயந்துபோன பகுதி. ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் தலை கிறுகிறுத்தது, வியர்வை நின்றுபோயிற்று. மேலே கூரை போட்ட ஹிகாஷிமுகி கடைத்தெரு வரை வந்து ஒரு மருந்துக்கடைக்குள் நுழைந்து உட்கார்ந்துவிட்டேன். அங்கே வேலை செய்த வயதான அம்மா என் முகத்தைப் பார்த்ததும், நான் வாய் திறப்பதற்குள் ஓஎஸ்-1 பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார். நம்மூர் ஓஆர்எஸ் கரைசலேதான், இங்கே பாட்டிலில் வருகிறது. ஈரத் துணியைக் கழுத்தில் வைத்தார். அரைமணி நேரம் கழித்துத்தான் எழுந்தேன். வெயிலில் காத்திருக்கும்போது தண்ணீர் மட்டும் குடித்தால் போதாது, உப்பும் போக வேண்டும்; பையில் உப்பு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு சொல்வதில் சந்தேகம் வந்தால் #7119க்கு அழைத்து ஆம்புலன்ஸ் தேவையா என்று கேட்கலாம், நிலைமை மோசமென்றால் நேரே 119. ஞாயிறு முழுக்கப் படுக்கை, திங்கள் அலுவலகத்துக்கு லீவு. ரயில், குடை, அருங்காட்சியகம், மருந்து, குளிர்பானங்கள் எல்லாம் சேர்த்து ஐயாயிரம் யென்னுக்கு மேல் போயிருந்தது. ஐஸ் ஒரு கரண்டி கூட வாயில் படவில்லை.

அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசையில் இருக்கும் சக ஊழியர் ஒரு கோரா என்பது அந்த வாரம்தான் தெரிந்தது. நடந்ததைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்துக் கடைகள் ஆட்களைச் சேர்க்கும் விதங்களை எழுதிக் காட்டினார். சில கடையில் வெறும் வரிசை, நின்றால் நின்றவருக்கு. சில கடையில் காலையில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் செய்ரிகென் என்ற டோக்கன் கொடுத்துவிடுவார்கள், அதில் உங்கள் நேரம் இருக்கும். கடை திறக்கும் நேரத்தைப் பார்த்துப் பயனில்லை, டோக்கன் கொடுக்கும் நேரமே முக்கியம். சில கடையில் நான் பார்த்த பெயர்த் தாள். இன்னும் சில இடத்தில் இணையத்தில் முன்பதிவு, அதற்கு உள்ளூர் போன் எண் கேட்பார்கள். இவை பருவத்துக்குப் பருவம் மாறும், சில கடையில் நாளுக்கு நாளும் மாறும். அதனால் பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போகக் கூடாது. முந்தின நாள் இரவும் அன்று காலையும் கடையின் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியைப் பார்ப்பதுதான் வழி. திடீர் விடுமுறையும், இன்று எந்தப் பாகு இல்லை என்பதும் அங்கேதான் வரும். ஒருவர் வரிசையில் நின்று நாலு பேருக்கு இடம் பிடிப்பதும் பெரும்பாலான கடைகளில் செல்லாது. தலைக்கு ஒரு கிண்ணம் கட்டாயம். இரண்டு பேர் போய் ஒன்றைப் பகிர்ந்து சாப்பிட முடியாது.

தவிர்க்க வேண்டிய நாட்களையும் சொன்னார். ஆகஸ்ட் நடுவில் வரும் ஒபோன் விடுமுறை ஒன்று. ஜூலை 25 இன்னொன்று, அன்று காகிகோரி நாள். 1933இல் அதே தேதியில்தான் யமகத்தாவில் 40.8 டிகிரி பதிவானது. அந்தச் சாதனை 2007 வரை முறியவில்லை.

செப்டம்பரில் ஒரு வேலைநாளில் அரைநாள் விடுப்பெடுத்து வேறொரு கடைக்குப் போனேன். பெயர்த் தாளில் என் இரண்டெழுத்துப் பெயர். நாற்பது நிமிடத்தில் உள்ளே. முகப்பு மேசைக்கு அருகே இடம் கிடைத்ததால் முழு வேலையையும் பார்க்க முடிந்தது. ஐஸ் பாளத்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் துருவுவதில்லை. வெளியே வைத்து அதன் மேல் தண்ணீர் பூக்கும் வரை விடுகிறார்கள். உறைநிலைக்கு மிகக் கீழே இருக்கும் ஐஸ் கத்தியில் பட்டால் பொடிந்து மணல் மணலாக வரும். சற்றே சூடேறியது மெல்லிய நாடாவாகச் சீவி வரும். இயந்திரத்தின் முன் நின்றவர் ஒரு கையால் கிண்ணத்தைச் சுழற்றிக்கொண்டே இன்னொரு கையால் கத்தியின் திருகை இம்மியளவு திருப்புவார், சத்தத்தைக் கேட்டு மறுபடி திருப்புவார். பாதி நிறைந்ததும் ஒரு சுற்றுப் பாகு, மறுபடி ஐஸ், மறுபடி பாகு. கடைசியில் கையால் ஒதுக்கினார், அழுத்தவே இல்லை.

நான் கேட்டது உஜி கின்தொகி: மட்சா என்ற பச்சைத் தேயிலைத் தூளில் செய்த பாகு, உள்ளே சிவப்புக் காராமணி போன்ற அசுகிப் பயற்று இனிப்பு, பக்கத்தில் அரிசிமாவு உருண்டை. 1,400 யென். முதல் கரண்டியில் மட்சாவின் கசப்புதான் தெரிந்தது. ஐஸ் நாக்கில் பட்ட அடையாளமே இல்லாமல் போயிருந்தது. தலைக்குள் சுரீரென்று இழுக்கவும் இல்லை. 'இயற்கை ஐஸ்' தலைவலி தராது என்று கடைகள் விளம்பரம் செய்கின்றன. நிக்கோ, சிச்சிபு மலைப் பக்கங்களில் குளத்து நீரைத் திறந்தவெளியில் உறைய விட்டு, பனி விழுந்தால் இரவோடிரவாகப் பெருக்கித் தள்ளி, பதினைந்து சென்டிமீட்டர் கனம் வந்ததும் அறுத்து, மரத்தூள் போட்டு மூடிச் சேமிக்கும் ஐஸ் அது. அந்த உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் நான் அன்று சாப்பிட்டது ஐஸ் ஆலையில் இரண்டு நாள் மெதுவாக உறைய வைத்த சாதாரண ஐஸ். மென்மைக்குக் காரணம் துருவும்போது இருக்கும் வெப்பநிலையும் துருவுகிற கையும். இயற்கை ஐஸ் என்ற ஒரே சொல்லுக்காக ஐந்நூறு யென் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. மலைக்கே போய் அந்த இடத்தையும் பார்க்க வேண்டுமென்றால் சைத்தாமா மாகாணத்து நகதோரோவில் 1890 முதல் இருக்கும் அசாமி ரெய்ஸோவுக்குப் போகலாம். அங்கும் கோடை வார இறுதியில் மணிக்கணக்கில் நிற்கத் தயாராகப் போங்கள்.

சாப்பிடும்போது கரண்டியை மேலிருந்து குத்தாதீர்கள், பாதி மலை மேசையில் விழும். உச்சியிலிருந்து கொஞ்சம், பக்கத்திலிருந்து கொஞ்சம் என்று வழித்தெடுக்க வேண்டும். படம் எடுக்க ஒரு நிமிடத்துக்கு மேல் செலவழித்தால் உருவம் சரிந்துவிடும். நடுவே சூடான ஹோஜிச்சா தேநீர் தருவார்கள். வெயில் நாளில் இது எதற்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள், பாதிக் கிண்ணத்தில் நாக்கு மரத்துப்போகும்போது அதுதான் சுவையைத் திரும்பக் கொண்டுவரும்.

சைவக்காரர்கள் கவனிக்க: பழப்பாகு, மட்சா, அசுகி, கெட்டிப்பால், அரிசிமாவு உருண்டை இவற்றில் பிரச்சினை இல்லை. மேலே நுரையாக வரும் எஸ்புமா, மூஸ், மார்ஷ்மெல்லோ இவற்றில் ஜெலட்டின் இருக்கக்கூடும். 'ஸெராச்சின் ஹைத்தே இமாஸ்கா' (ஜெலட்டின் இருக்கிறதா) என்று கேட்டால் உள்ளே போய்ப் பார்த்து வந்து சொல்வார்கள். காந்தென் என்றால் கடற்பாசி, தாராளமாகச் சாப்பிடலாம். பணத்தை ரொக்கமாகக் கொண்டு போங்கள், சின்னக் கடைகளில் கார்டு ஓடாது. சீட்டு இயந்திரம் வைத்திருக்கும் கடைகளில் 2024 ஜூலையில் வந்த புதுத் தாள்களை ஏற்காத பழைய இயந்திரங்கள் உண்டு, அதனால் நாணயங்களும் கொஞ்சம் இருக்கட்டும்.

இப்போது நான் கோடையில் போவதையே குறைத்துவிட்டேன். நல்ல கடைகள் பல குளிர்காலத்திலும் திறந்திருக்கின்றன, உள்ளே ஹீட்டர் ஓடுகிறது, ஜனவரி வேலைநாளில் பெயர்த் தாளே வெளியே வைப்பதில்லை. ஜப்பானில் ஸ்ட்ராபெரிப் பருவமும் குளிர்காலத்தில் தொடங்கி வசந்தம் வரைதான். கோடையில் பெரும்பாலும் உறைய வைத்த பழத்தில் செய்யும் அதே பாகை, அப்போது அன்று காலை வந்த பழத்தை அரைத்து ஊற்றுகிறார்கள். ஊரிலிருந்து வருகிறவர்கள் என்னைக் கேட்டால் பிப்ரவரியில் டிக்கெட் போடச் சொல்கிறேன்.